உச்சுக்கொட்டும் கொக்கிகள்

கொக்கியக்கா வேலை பார்க்கும் கம்பெனியிலிருந்து ஐயாயிரம் கொக்கிகளைத் திருடி வீட்டில் பதுக்கி வைத்திருந்தாளாம். ஒரு நாள் அத்தனையையும் பையில் போட்டு இழுத்துக்கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் கொட்டினாளாம். மேனேஜர் எழுந்து நின்று கைதட்டி, அந்த நிமிஷமே அவளைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டாராம்.

இந்தச் செய்தி முதலில் காதில் விழுந்த இடம், காசு போட்டால் துணி துவைத்துத் தரும் கடை. மூன்று மெஷின் தள்ளி நின்றவரைக் கேட்டால் கொக்கி பத்தாயிரம் என்றார். மறுநாள் பஸ்ஸில் அது வெள்ளிக் கொக்கி ஆகியிருந்தது. வாரம் முடிவதற்குள், பர்மனென்ட் ஆக இதுதான் குறுக்குவழி என்று முடிவு கட்டிய பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர், தன் பங்குக்குத் திருடுவதற்குத் தோதாக ஒரு பிரஷைப் பார்த்து வைத்துவிட்டார் என்று கேள்வி. அந்த மனிதர் தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் உண்மையை விசாரித்துவிடுவது நல்லது.

விசாரித்த வரையில், கொக்கி ஐயாயிரம் இல்லை; அறுநூற்றுப் பன்னிரண்டு. வெள்ளி இல்லை, பிளாஸ்டிக், உள்ளே ஒரு சின்ன இரும்பு ஸ்பிரிங். கைதட்டல் நடந்தது உண்மை. ஆனால் அது வேறு நாள், வேறு விஷயத்துக்கு. அந்தக் கைதட்டலைக் கேட்டு அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். திருட்டு என்பதில்தான் சிக்கல். அதைச் சொல்ல, ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும்.

ஐந்து மாதம் முன்னால் அவளுக்குக் கொக்கியக்கா என்ற பெயர் கிடையாது. ஊரிலிருந்து விமானம் ஏறி, கொழுந்தன் வீட்டில் வந்து இறங்கிய அண்ணி, அவ்வளவுதான். வயது நாற்பத்தொன்று. ஊரில் ரெடிமேட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பட்டன் தைத்தவள். புருஷனையும் பன்னிரண்டு வயது மகளையும் அங்கேயே விட்டுவிட்டு முதலில் இவள் மட்டும் வந்திருந்தாள். ஆறு மாதம் ஒழுங்காக வேலை பார்த்தால் கம்பெனி பர்மனென்ட் என்று ஒரு தாள் கொடுக்கும். அந்தத் தாளைக் காட்டினால்தான் அவர்கள் இருவரையும் அழைக்க மனுப் போட முடியும். ஆக அவளுடைய குடும்பம் மொத்தமும் அந்த ஒரு தாளில் உட்கார்ந்திருந்தது.

கொழுந்தன் அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நம்மவர்களில் முதலில் வந்து சேர்ந்தவர் என்பதால் எல்லோரும் சீனியர் என்று கூப்பிடுவார்கள். அவருக்கும் அது பிடிக்கும். எதைச் சொன்னாலும் "நாங்க வந்த புதுசுல" என்றுதான் ஆரம்பிப்பார். வந்து என்னவோ நாலு வருஷம்தான் ஆகியிருந்தது; பேச்சைக் கேட்டால் அந்த ஊருக்கு ரோடு போட்டதே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும். அவர் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி, அதே கம்பெனியில் லைனில் நிற்பவள். இரண்டு அறை, ஒரு சமையலறை, அதில் ஒரு சிங்க். வீடு அவ்வளவுதான்.

கம்பெனி செய்வது காருக்குள் குழந்தையை உட்காரவைத்துக் கட்டும் இருக்கை. இருக்கை வரிசையாக நகர்ந்து வரும். ஒருவர் மெத்தை வைப்பார், ஒருவர் பெல்ட் கோப்பார். பெல்ட்டின் நுனியில் பக்கிளை மாட்டி, ஒரு தடவை பூட்டி, இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டியது இவள் வேலை. பக்கிள் என்பது கம்பெனியின் பேச்சு. நம்மவர்களுக்கு அது கொக்கி. பூட்டியதும் பச்சை விளக்கு எரிந்தால் சரி.

முதல் நாள் சீனியர் அவளை லைனில் கொண்டுவந்து நிறுத்தி மூன்று விஷயம் சொன்னார். கழிப்பறை எந்தப் பக்கம். சாப்பாட்டு நேரம் எத்தனை நிமிஷம். மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தொங்கும் சிவப்புக் கயிற்றைக் கண்ணால் மட்டும் காட்டினார்.

"அண்ணி, அந்தக் கயித்த இழுத்தா மொத்த லைனும் நின்னுடும். நாலு வருஷத்துல நம்மாளு ஒருத்தன் அதைத் தொட்டது கிடையாது. தொட்டா நேரா வீட்டுக்குத்தான்."

கம்பெனி சொன்னது இதற்கு நேர் எதிர். சுவரில் படத்தோடு எழுதி மாட்டியிருந்தார்கள்: சந்தேகம் வந்தால் கயிற்றை இழு. நம்மவர்கள் அந்தப் படத்தை, வீட்டுக்கு வந்தவரிடம் "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சொல்வார்கள்தான். அதற்காக எழுந்துபோய் பீரோவைத் திறப்போமா?

அப்படியென்றால் கெட்ட கொக்கி வந்தால் என்ன செய்வது? அதற்கும் நம்மவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கெட்டதை ஏப்ரன் பையில் போடு, பெட்டியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து மாட்டு, முகத்தை ஒன்றும் நடக்காத மாதிரி வைத்துக்கொள். நூறு கொக்கிப் பெட்டியில் ஐந்து கூடுதலாகவே வரும் என்பதால் கணக்கு உதைக்காது. விருந்துக்குப் போன இடத்தில் கண்ணாடித் தம்ளர் கை நழுவி உடைந்தால், சில்லைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்துவிடுவோம் இல்லையா, அந்த மரியாதைதான். கம்பெனிக்காரர்கள் மனம் நோகக் கூடாது. நம் வேலையும் போகக் கூடாது.

கெட்டது எது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் வேடிக்கை. பச்சை விளக்குக்குத் தெரியாது. அது நல்லதற்கும் எரியும், கெட்டதற்கும் எரியும். லைனில் எல்லோரும் இரைச்சலுக்குப் பயந்து இரண்டு காதையும் மூடும் மூடி போட்டிருப்பார்கள். நம்மவர்கள் மட்டும் ஒரு காதைத்தான் மூடுவார்கள். இன்னொரு காது பேச்சுக்கு. பக்கத்து ஆள் நேற்று யார் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தக் காதைப் போய் மூட முடியுமா? அந்தத் திறந்த காதில்தான் கொக்கியின் சத்தம் விழுந்தது. நல்ல கொக்கி விரலில் சொடக்கு எடுத்த மாதிரி 'டக்' என்று பூட்டும். கெட்டது உள்ளே சரியாக இறங்காமல், யாரோ சலித்து உச்சுக்கொட்டுகிற மாதிரி 'ப்ச்' என்று ஒரு சத்தம் போடும். மெல்ல இழுத்தால் தாங்கும்; வெடுக்கென்று இழுத்தால் கையோடு வந்துவிடும்.

பட்டன் தைத்த விரலும் அந்தக் காதும் சேர்ந்ததில் முதல் வாரத்திலேயே அவளுக்குக் கொக்கியக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரைச்சலுக்கு நடுவில் மூன்று ஆள் தள்ளி ஒரு கொக்கி உச்சுக்கொட்டினாலும் தலை நிமிர்ந்து பார்ப்பாள் என்று சொல்வார்கள். இதில் கொஞ்சம் மிகை இருக்கலாம்.

பையில் போட்டாயிற்று. பிறகு எங்கே போடுவது? கம்பெனிக் குப்பைத்தொட்டியில் போட முடியாது. அங்கே குப்பைப் பைகூட கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டும். வீட்டுக் குப்பையில் போடலாம் என்றால் அந்த ஊரில் பிளாஸ்டிக்குக்கு ஒரு தொட்டி, இரும்புக்கு ஒரு தொட்டி. கொக்கியோ இரண்டும் கலந்தது. தப்பான தொட்டியில் போட்டால் வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனியர் ஸ்குரூ டிரைவரை வைத்து ஸ்பிரிங்கை மட்டும் பிரித்தெடுக்கப் பார்த்தார். முதல் ஸ்பிரிங் பறந்துபோய் எங்கேயோ விழுந்தது, இன்றுவரை அகப்படவில்லை. அதன்பிறகு கொக்கிகள் எல்லாம் சமையலறை சிங்க்குக்கு அடியில், ஓரகத்தியின் சக்கரம் வைத்த அரக்கு நிறப் பைக்குள் போய்ச் சேர்ந்தன. அந்தப் பை, அவள் விமானம் ஏறும்போது அவளுடைய அண்ணன் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. மூன்று வருஷம் ஆகியும் அதில் ஒரு ஜிப் பல் போகவில்லை என்பது அவளுக்குப் பெருமை. வேறு பை இல்லாததால்தான் அதைக் கொடுத்தாள் என்பதை அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொக்கியக்கா சேர்ந்தபோது வாரத்துக்கு நாலைந்து கெட்டது வரும். மூன்றாம் மாதம் அது ஒரு நாளைய கணக்கு ஆயிற்று. ஐந்தாம் மாதம் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது. ஏப்ரன் பை புடைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸில் உட்கார்ந்தால் மடி கலகலத்தது.

ஏன் கூடியது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. காரணம் கம்பெனி ஆபீசில், சுவரில் தொங்கிய குறைக் கணக்கில் இருந்தது. கம்பெனி கொக்கியை மூன்று இடத்தில் வாங்கும். அதில் ஒரு இடத்துக் கொக்கி மட்டும்தான் இவர்கள் லைனுக்கு வரும். மற்ற லைன்களில் வேறு சரக்கு. அங்கே குறை இருந்தால் கயிறு இழுபடும், சீட்டு எழுதப்படும், கணக்கில் ஏறும். இவர்கள் லைனில் மட்டும் மாதக்கணக்காகக் குறை பூஜ்யம். ஆக மோசமான கொக்கி செய்கிறவன் கம்பெனியின் கண்ணில் உத்தமன் ஆகிவிட்டான். உத்தமனுக்கு ஆர்டர் கூடியது. ஆர்டர் கூடக்கூட அவன் அவசரம் கூடியது. இவர்கள் எவ்வளவுக்கெவ்வளவு பாடுபட்டு ஒளித்தார்களோ அவ்வளவுக்கவ்வளவு கெட்டது வந்து குவிந்தது.

அந்தப் புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே ஏப்ரன் பை நிரம்பிவிட்டது. பெட்டியில் இருந்த கூடுதல் ஐந்தும் தீர்ந்து, கடைசியாக ஒரு கொக்கி மிச்சம். பூட்டினாள். ப்ச். பச்சை விளக்கு எரிந்தது. இழுத்தாள், கையோடு வந்தது. இருக்கை நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று கொக்கி மாட்டும் ஓரகத்தியைப் பார்த்தாள். அவள் பெட்டியிலும் ஒன்றும் இல்லை. இருக்கையின் சின்ன மெத்தையில் வாத்துப் படம் போட்டிருந்தது. இன்னும் இரண்டு அடி போனால் அது அடுத்த ஆள் கைக்குப் போய்விடும்.

கொக்கியக்கா நிமிர்ந்து கயிற்றை இழுத்தாள்.

லைன் நின்றது. ஐந்து மாதமாக அவள் கேட்டுப் பழகிய இரைச்சல் ஒரே அடியாக அடங்கியதில், தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது என்று பிறகு சொன்னாள். தூரத்தில் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்திருந்த சீனியர், யாரோ தன் சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி விறைத்துப்போனார்.

சூப்பர்வைசர் அம்மாள் வந்தாள். நெடுநெடு உயரம், நிமிஷம் தப்பாத நடை. நம்மவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. வந்தவள் கத்தவில்லை. அந்தக் கொக்கியை வாங்கிப் பூட்டிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், நன்றி என்றாள். வேறு பெட்டி வரவழைத்தாள். நாலு நிமிஷத்தில் லைன் ஓடியது.

ஷிப்ட் முடிந்ததும் மணிக்கூண்டு எல்லோரையும் கூட்டி, கொக்கியக்காவைப் பக்கத்தில் நிறுத்தி என்னவோ சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். கயிற்றை முதல் தடவை இழுத்தவரை அங்கே அப்படிப் பாராட்டுவது வழக்கம். ஆனால் நம் அனுபவத்தில், தப்புச் செய்த ஆளை நடுவில் நிறுத்திச் சுற்றி நின்று கைதட்டினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். கொக்கியக்கா ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து மேஜையில் வைத்தாள். கம்பெனி கொடுத்த ஷூவையும் கழற்றித் துடைத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, சொந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் முழுக்க அழுதாள்.

வீட்டில் சீனியர் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "கை தட்டி அனுப்பிட்டாங்க அண்ணி. இந்த ஊர்ல எல்லாமே டீசன்ட்டாத்தான் செய்வாங்க" என்றார். ஊருக்குப் போன் போட்டு அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டார். ஓரகத்தி மட்டும் போனில் மறுநாள் டூட்டிப் பட்டியலைத் தட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க பேரு இருக்கே. காலை ஷிப்ட்."

மூவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பேர் இருந்தது. மறுநாள் கொக்கியக்கா தன் ஷூவைத் தேடிப் போனபோது, அது வைத்த இடத்திலேயே, மடித்த ஏப்ரனோடு இருந்தது. மணிக்கூண்டு அவளைப் பார்த்து, ஷூ கடிக்கிறதா, வேறு அளவு வேண்டுமா என்று கேட்டாளாம்.

சரி, தப்பித்தோம் என்று பேசாமல் இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் அன்று வியாழக்கிழமை, லைன் தொடங்குமுன் மணிக்கூண்டு பலகையில் ஒன்று என்று எழுதினாள். பதினாலு மாதத்தில் இந்த லைனில் வந்த மொத்தக் குறை அந்த ஒன்றுதான் என்று கையைக் காட்டிச் சொன்னாள். ஆகவே திங்கட்கிழமை முதல் மூன்று லைனுக்கும் இதே இடத்துக் கொக்கிதான் வரும் என்றாள். முகத்தில் சந்தோஷம்.

கொக்கியக்காவுக்கு மொழி முழுதாகப் புரியாது. பலகையில் இருந்த எண் புரிந்தது. மூன்று விரல் புரிந்தது. அவள் திரும்பி மற்ற இரண்டு லைனையும் பார்த்தாள். அங்கே கொக்கி மாட்டுகிறவர்கள் இரண்டு காதையும் மூடிக்கொண்டு, பச்சை விளக்கைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். வேலையில் குறை சொல்ல முடியாத ஆட்கள். ஆனால் அவர்கள் காதில் எந்தக் கொக்கியும் உச்சுக்கொட்டப் போவதில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது, பையைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன் என்று சொன்னாள்.

சீனியர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். கம்பெனிச் சாமானை வெளியே கொண்டுவந்தால் அதற்கு என்ன பெயர் என்று தெரியுமா என்று கேட்டார். அவளுக்குத் தெரியும். இன்னும் மூன்று வாரத்தில் பர்மனென்ட் தாள் வந்துவிடும், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். நாங்க வந்த புதுசுல என்று ஆரம்பித்து ஒரு பெரிய கதையும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூணு வாரத்துல எத்தனை சீட்டு வெளிய போகும் தம்பி? நீங்கதானே லாரில ஏத்துறீங்க. கணக்கு தெரியுமில்ல?"

சீனியருக்குக் கணக்குத் தெரியும்.

"பாப்பா வரணும்னுதான அண்ணி இவ்வளவும்" என்றார் கடைசியில், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"ஆமா. அவ வருவா. வந்து, நீ என்னம்மா வேலை பாக்குறேன்னு கேப்பா. கொக்கி மாட்டுறேன்னு சொல்லணும்ல?"

ஓரகத்தி எழுந்துபோய் சிங்க்குக்கு அடியிலிருந்து பையை இழுத்து வந்தாள். ஈரத்துணியால் துடைத்து, ஜிப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, கொக்கியக்காவின் முன்னால் நிறுத்தினாள். "கொட்டிட்டு பையக் கொண்டாந்துடுங்க அக்கா" என்றாள். கொண்டுவந்து தருவதாக அவளும் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் டிரைவர் பையைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்று அவள் சொன்னதாகக் கேள்வி. விமான நிலையத்தில்கூட அந்தப் பை இவ்வளவு கனத்ததில்லை. சீனியர் அதே பஸ்ஸில்தான் வந்தார். ஆனால் நாலு வரிசை முன்னால், ஜன்னலைப் பார்த்தபடி, யாரோ எவரோ என்று உட்கார்ந்திருந்தார். இறங்கும் இடத்தில் பையின் சக்கரம் படியில் மாட்டிக்கொண்டது. திரும்பி வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். கேட் வரைக்கும் தூக்கி வந்தார். கேட்டில் விட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். கொழுந்தன் என்ற உறவு கேட்டோடு சரி. உள்ளே போனால் அவர் ஃபோர்க்லிஃப்ட்.

மேனேஜர் மேஜை என்பது வதந்தி. அவள் போனது மணிக்கூண்டின் மேஜைக்கு. அது லைன் ஓரத்தில் நிற்கும் ஒரு தகர மேஜை. பையைப் படுக்கவைத்து ஜிப்பைத் திறந்தாள். மணிக்கூண்டு எட்டிப் பார்த்தாள். உயரமான ஆள் குனிந்து பார்ப்பதற்கே நேரம் பிடிக்கும். நிமிர இன்னும் நேரம் பிடித்தது. நிமிர்ந்ததும் திங்கட்கிழமைச் சரக்கை நிறுத்தச் சொல்லி யாருக்கோ போன் செய்தாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, கொக்கியக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

அந்தப் படிவத்தில் ஏன், ஏன் என்று ஐந்து கட்டம். ஒரு ஏனுக்குப் பதில் வந்தால் அதிலிருந்து அடுத்த ஏன். அது அந்தக் கம்பெனியின் முறை. கொக்கியக்காவிடம் அந்த மொழியில் மொத்தம் நாற்பது வார்த்தை இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

ஏன் இவை பையில் இருக்கின்றன? கெட்டது என்றாள். நம்பவில்லையோ என்று ஒரு நல்லதைப் பூட்டினாள், டக். ஒரு கெட்டதைப் பூட்டினாள், ப்ச். மணிக்கூண்டு தன் காது மூடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை பூட்டச் சொன்னாள்.

ஏன் வீட்டுக்குப் போயின? குப்பை, எந்தத் தொட்டி, தெரியாது என்றாள். மணிக்கூண்டு ஒரு கொக்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக்கா, இரும்பா? அவளுக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தக் கட்டத்தை அவள் சீக்கிரம் எழுதி முடித்தாள்.

ஏன் என்னிடம் தரவில்லை? கயிறு இழுக்க வேண்டும் என்றாள். ஏன் இழுக்கவில்லை? அதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. எழுந்து நின்று, கயிற்றை இழுப்பது போல் கையை இழுத்துக் காட்டினாள். பிறகு அதே கையை விரித்து, விமானம் மாதிரி மேலே ஏற்றி, ஜன்னல் பக்கமாக அனுப்பிவைத்தாள். லைனில் இருந்த நம்மவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐந்தாவது ஏன் மிச்சம். ஏன் அப்படி நினைத்தீர்கள்?

கொக்கியக்கா தன்னிடம் இருந்த நாற்பதில் ஏழெட்டைப் பொறுக்கி அடுக்கினாள். எங்கள் ஊரில் ஏன் என்று கேட்டால் அது கேள்வி இல்லை, திட்டு. ஏன் என்று கேட்டால் நாங்கள் பதில் சொல்ல மாட்டோம், தலையைக் குனிந்துகொள்வோம். இவ்வளவையும் அவள் சொன்னது, ஏன், கேள்வி இல்லை, கோபம், தலை கீழே என்ற அளவில்தான். ஆனால் சொல்லும்போது தலையைக் குனியவில்லை.

மணிக்கூண்டு பேனாவைக் கீழே வைத்தாள். படிவத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்: கயிற்றைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்புவோம் என்று யார் சொன்னது?

தூரத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஒரு வேலையும் இல்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

எல்லோரும் என்றாள் கொக்கியக்கா.

பெயர் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அதை உட்காரும்போதே பார்த்து வைத்திருந்தாள்.

பிறகு மேலே இருந்தவர்கள் வந்தார்கள். கொக்கிகளை எண்ணினார்கள், மெஷினில் வைத்து இழுத்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டில் பதினெட்டு நல்ல கொக்கி. அது ஓரகத்தியின் கைவரிசை. சந்தேகம் வந்தால் பையில் போடு என்பது அவள் கொள்கை. பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயத்திலும் அப்படித்தான். மிச்சம் அத்தனையும் கெட்டது. இந்த லைனிலிருந்து வெளியே போன இருக்கைகளைத் தேடிப் பிடித்துச் சோதித்ததில் ஒன்றில்கூடக் கொக்கி உச்சுக்கொட்டவில்லை. நல்ல வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கியது. அதற்கு என்ன தண்டனை என்பதுதான் எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

மணிக்கூண்டு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். சாமானை வெளியே கொண்டுபோனது ஆபீஸ் விவகாரம், அதில் தான் ஒன்றும் சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டும். ஆக பையைக் காட்டியதால் தாள் நெருங்கி வரவில்லை. தாள் வருமா என்பதே தொங்கலில் போய்விட்டது. மூன்று வாரம். கொக்கியக்கா ஒரு நாள் லீவு போடவில்லை. அந்த மூன்று வாரத்தில் ஒன்பது தடவை கயிற்றை இழுத்தாள். அக்கா ஊஞ்சலாடுகிறார் என்று கேலி பேசினார்கள். பத்தாவது தடவை கயிறு இழுபட்டபோது திரும்பிப் பார்த்தால், இழுத்தது ஓரகத்தி. இழுத்துவிட்டு, பாம்பைத் தொட்டவள் மாதிரி கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நின்றாள். கைதட்டினார்கள். அவள் அழவில்லை, கைதட்டல் சீக்கிரம் நின்றுவிட்டதாகக் குறைப்பட்டாள்.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது. ஒரே உறைக்குள் இரண்டு தாள். ஒன்று மெமோ: அனுமதியில்லாமல் கம்பெனிப் பொருளை வெளியே எடுத்துப்போனதற்கு எச்சரிக்கை. இன்னொன்று பர்மனென்ட். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. சீனியர் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். "நாலு வருஷத்துல நம்மாளு ஒருத்தன் மெமோ வாங்கினது கிடையாது" என்றார். "பர்மனென்ட்டு தாளோட சேர்த்து வாங்கினதும் கிடையாதில்ல தம்பி" என்று சொல்லிக் கொக்கியக்கா அவற்றை வாங்கிக்கொண்டாள். புருஷனுக்குப் போனில் ஒரு தாளைப் பற்றி மட்டும் சொன்னாள். மறுநாளே மனுப் போட்டாயிற்று. மகளுக்கு ஷூ என்ன அளவு என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

இவ்வளவுதான் நடந்தது. பெயின்ட் கம்பெனிக்காரர் பிரஷை இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

ஒன்றுதான் தீரவில்லை. அந்தப் பை திரும்பி வரவில்லை. சாட்சிப் பொருள் என்று முதலில் ஆபீஸில் வைத்திருந்தார்கள். பிறகு அதைப் பயிற்சி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஜிப்பைப் பாதி திறந்து, உள்ளே கொக்கி தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களை அதன் முன்னால் உட்காரவைத்து, கொக்கியக்காவை நிறுத்திப் பேசச் சொல்கிறார்கள். இப்போது அவளிடம் நூறு வார்த்தைக்கு மேல் இருக்கிறது. பையைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க அதில் ஐந்தே போதும். நாலு தடவை கேட்டும்விட்டாள். மணிக்கூண்டு ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கை வைத்து, இது எங்களுக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்கிறாள்.

கொக்கியக்கா அதே நிறத்தில், அதே அளவில், இன்னும் நல்ல சக்கரத்தோடு ஒரு புதுப் பை வாங்கிக் கொடுத்தாள். ஓரகத்தி அதை வாங்கி, ஜிப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, சிங்க்குக்கு அடியில் வைக்காமல் பீரோவுக்கு மேலே வைத்தாள்.

"இது வட்டிக்கு அக்கா" என்றாள். "அசல் இன்னும் வரல."

தினமும் ஷிப்ட் முடிந்ததும் அவள் பயிற்சி அறைக் கதவோரம் நின்று, கண்ணாடிக்குள் ஜிப் பல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு வருகிறாள். பஸ்ஸில் கொக்கியக்காவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தாலும் உட்காருவதில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, என் பை என்னாச்சுக்கா என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்கிறாள். அடுத்த வாரம் கேக்கறேம்மா என்று கொக்கியக்கா திரும்பாமலே சொல்கிறாள்.